அது செல்லம் இல்லைங்க

நேற்று முழுக்கச் சுற்றிய அந்த ஹோம்ஸ்டே ரீலைப் பற்றித்தான். பெயர் சொல்லப் போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். மூடுபனி, காபி, கூண்டு, கூண்டுக்குள் "எங்கள் வீட்டுச் செல்லம்". அது செல்லம் இல்லைங்க. நீலச்சிறகுக் கிளி. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் அதற்கு வேறு ஊர் கிடையாது.

"ப்ரோ, கடையில வாங்குன வெளிநாட்டுக் கிளியா இருக்கும்" என்கிறார் ஒருவர். ரீலை நிறுத்திப் பாருங்கள். சாம்பல் உடம்பு, கழுத்தில் கறுப்பு வளையம், நீல வால், நுனியில் மஞ்சள். கடையில் விற்கிற லவ்பேர்ட்ஸ் கதை வேறு. நம் நாட்டுக் கிளி எதுவானாலும், சாதாரணப் பச்சைக்கிளி உட்பட, பிடிப்பதும் விற்பதும் அடைத்து வைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

"அன்பா வளர்க்கிறாங்க" என்பவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டும். இந்தக் கிளி பெரும்பாலும் மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன பொந்தில்தான் முட்டையிடும், அதுவும் நாங்கு போன்ற உயரமான மரங்களில். குஞ்சு வேண்டுமென்றால் ஒருவன் ஏறிப் பொந்தின் வாயை வெட்ட வேண்டும், இல்லையா, மரத்தையே சாய்க்க வேண்டும். அடுத்த வருடம் அங்கே குடியேற வேண்டிய ஜோடிக்கும் சேர்த்து வீடு போச்சு. இதில் அன்பு எந்த இடத்தில் வருகிறது, சொல்லுங்கள்.

வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மிச்சமிருக்கும் காட்டுத்துண்டு ஒன்றில், மழை விட்ட காலையில் இந்தக் கிளிகள் கூட்டமாக வந்து அத்திமரத்தில் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். நான் வாயைப் பிளந்து நிற்க, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல் "வந்துடுச்சுங்களா, இனி மத்தியானம் வரைக்கும் கத்தும்" என்றார். கிளியோடு வாழ்வது என்றால் அவ்வளவுதான். கூண்டெல்லாம் வேண்டாம்.

"உங்க பெரியம்மா வீட்டுல கிளி இருந்துச்சே?" இருந்தது. இறக்கை வெட்டிய கிளி. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அதற்கு நான் என்ன செய்ய?

அப்புறம், "கிளி பிடித்து விற்கிற ஏழை பாழை பிழைக்கட்டும்" என்று ஒரு வாதம். சிரிப்புதான் வருகிறது. 2024 தேர்தல் சமயத்தில், ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்த கிளிக்காக கடலூர்ப் பக்கம் ஜோசியரையே வனத்துறை பிடித்ததே, அப்போது எங்கே போனது இந்த இரக்கம்? மரத்தடியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டம், ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாடகை வாங்குபவருக்கு ஹார்ட்டின். அந்த ரீலுக்கு ஹார்ட்டின் போட்டவர்களில், வருடா வருடம் "காடுகளைக் காப்போம்" என்று பதிவு போடும் என் நண்பர்களும் உண்டு. அதுதான் நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"ஒரு கிளிக்காக இத்தனை பேரைப் பகைச்சுக்கணுமா" என்று குடும்பக் குழுவில் எழுதியிருக்கிறீர்கள், சித்தப்பா. வனத்துறைக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். பகை அந்த ஹோம்ஸ்டேக்காரர்களோடு வரட்டும், நீங்கள் ஏன் அவர்கள் பக்கம் போய் நிற்கிறீர்கள்?