சனிக்கிழமைப் பானை

(ரியோ டி ஜெனீரோ, டிஜூக்கா பகுதியில் ஒரு வீடு. சனிக்கிழமை காலை. அடுப்பில் ஃபெய்ஜோவாடா, அதாவது பீன்ஸும் பன்றி இறைச்சியும் சேர்ந்த பிரேசில் நாட்டுக் குழம்பு, கொதிக்கிறது. மருமகன் பாவுலோ கையில் கரண்டி. மாமியார் சேலியா பாயா மாநிலத்துக்காரர், அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை.)

சேலியா: கறுப்பு பீன்ஸா? எங்கள் பாயாவில் பழுப்பு பீன்ஸ்தான். சரி, உன் ஊர், உன் பானை. காது எங்கே?

பாவுலோ: யாருடைய காது?

சேலியா: என் காதையா தேடுவேன்? பன்றியின் காது! வால், கால் எல்லாம் எங்கே?

பாவுலோ: வாங்கவில்லை அத்தை. உப்புக்கண்டம், விலா எலும்பு, புகை போட்ட தொத்திறைச்சி இருக்கின்றன. காதில் முடி முளைத்திருந்தது. என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

சேலியா: காது பார்க்காது. வேண்டுமானால் நீ சொன்னதைக் கேட்டிருக்கும். நெருப்பில் வாட்டிச் சுரண்டினால் முடி போயிற்று! கால் சேர்ந்தால்தானே குழம்பு உதட்டில் ஒட்டும்?

பாவுலோ: எஜமானர்கள் கழித்துப் போட்டதை அடிமைகள் பொறுக்கிச் சமைத்ததுதானே அதெல்லாம்? பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள்.

சேலியா: போர்த்துக்கீசியன் காதையும் வாலையும் விட்டுவைக்கிற ஆளா? ஐரோப்பியக் கறிவகைகளின் வாரிசு இது என்று நாட்டார் வழக்காற்று அறிஞர் கஸ்குடூ எழுதியாயிற்று. 1833இலேயே ரெசிஃபி நகரில் ஓர் ஓட்டல்காரன் இதற்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கிறான். கழிவுக்கு யார் காசு கொடுப்பார்கள்? கிளறிய கை மட்டும் அடிமைகளின் கை. அதை நான் மறுக்கவில்லை. கரண்டியைக் கொடு.

(ருசி பார்க்கிறார். கண்களை மூடிக்கொள்கிறார்.)

சேலியா: உப்புக்கண்டத்துக்கு எத்தனை தடவை தண்ணீர் மாற்றினாய்?

பாவுலோ: மாற்ற வேண்டுமா? காலையில் குழாயடியில் காட்டினேன்.

சேலியா: முகம் கழுவிவிட்டாயா அதற்கு? இரவு முழுக்க ஊறவைத்து, மூன்று நான்கு தடவை தண்ணீரைக் கொட்ட வேண்டும்!

பாவுலோ: கோவி கீரையை மயிரிழையாக அரிந்து பூண்டோடு வதக்கிவிட்டேன். மரவள்ளி மாவும் வறுத்தாயிற்று. ஆரஞ்சுத் துண்டுகளோடு சாப்பிட்டால் உப்பு தெரியாது, அத்தை.

சேலியா: தோட்டத்தையே உரித்து வைத்தாலும் தெரியும்.

பாவுலோ: உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுக்குமாமே?

சேலியா: இந்தப் பானையில் கிழங்கா! ஆள் கூடினால் பீன்ஸில் தண்ணீர் ஊற்றுவது நம் நாட்டு வழக்கம். நீ முதலில் தண்ணீரை ஊற்று, ஆளை அப்புறம் கூப்பிடு. உன் தம்பிக்குப் போன் செய்.

(பேசிவிட்டு வருகிறான்.)

பாவுலோ: மூன்று நண்பர்களோடு வருகிறானாம்.

சேலியா: நல்ல பிள்ளை. இன்னொரு குவளை ஊற்று. நாலு கரண்டி பீன்ஸை மசித்துவிடு, இறுகிக்கொள்ளும். இப்போது எப்படி?

பாவுலோ: இன்னும் கரிக்கிறது.

சேலியா: மேல்மாடிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டார்களா என்று பார்த்து வா.

பாவுலோ: அவர்களோடு நமக்குப் பேச்சுவார்த்தை இல்லையே அத்தை?

சேலியா: உப்பு இறங்கும் வரைக்கும் பேசு.