ஒரே டிஎன்ஏ துண்டில் இரண்டு மரபணுக்கள்: படிப்படியாக உருவாக முடியாதா?

"இரண்டு மரபணுக்கள் ஒரே டிஎன்ஏ துண்டைப் பகிர்ந்தால், ஓர் எழுத்து மாறினாலே இரண்டும் கெடும், எனவே இவை பரிணாமத்தால் வந்திருக்க முடியாது" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

பாலூட்டிகளில் மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவது பெரும்பாலும் புரதத்தைக் குறிக்காத பகுதிகளில்தான். ஒரு மரபணுவின் முடிவுக் குறி அழிந்துபோனால், படியெடுப்பு (டிஎன்ஏவை ஆர்என்ஏவாக நகலெடுப்பது) அடுத்த குறி வரை நீண்டு பக்கத்து மரபணுமேல் ஏறிவிடும். அதற்கு ஒரு சிறு மாற்றமே போதும். மனிதரிடம் உள்ள இத்தகைய பல ஜோடிகள் எலியில் தனித்தனியாகவே நிற்கின்றன.

சரி, புரதப் பகுதியே பொதுவாக இருந்தால்? அதற்கும் அருமையான உதாரணம் உண்டு. மனிதரின் 9ஆம் குரோமோசோமில் உள்ள சிடிகேஎன்2ஏ என்ற மரபணு, புற்றுநோயைத் தடுக்கும் இரண்டு புரதங்களைத் தருகிறது: 156 அமினோ அமிலங்கள் கொண்ட பி16, 132 கொண்ட ஏஆர்எஃப். இரண்டாம் எக்ஸானின் (எக்ஸான் என்பது மரபணுவில், வெட்டி ஒட்டிய பின் ஆர்என்ஏவில் தங்கும் துண்டு) அதே எழுத்துகளை இவை வெவ்வேறு சட்டகத்தில், அதாவது மூன்று மூன்றாகப் பிரிக்கும் இடம் மாறி, படிக்கின்றன. ஆனால் ஏஆர்எஃப்பின் முக்கிய வேலை அதன் சொந்த முதல் எக்ஸானில் இருக்கிறது. அதனால் பொதுப் பகுதியில் பி16ஐக் கெடுக்கும் மாற்றங்கள் பல, ஏஆர்எஃப்பை முடக்குவதில்லை. கோழியின் ஏஆர்எஃப்போ வெறும் 60 அமினோ அமிலங்கள்தான். பொதுப் பகுதி இல்லாமலே வேலை செய்கிறது.