காற்றுக்கு 6,800 ரூபாய்

"அக்கா, வெளிநாட்டுக்கு அனுப்ப எந்த கூரியர் சீப்?" வாரத்துக்கு நாலு பேராவது இன்பாக்ஸில் வந்து இதைக் கேட்கிறார்கள். டெரகோட்டா நகை செய்கிறவர், குரோஷா பொம்மை பின்னுகிறவர், கொலு பொம்மைக்காரர், எல்லாருக்கும் இதே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தட்டிக் கை வலித்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பதில் பலருக்குப் பிடிக்காது. கூரியர் கடையில் பேரம் பேசி நீங்கள் மிச்சம் பிடிப்பது இருநூறு, முந்நூறு. ஆயிரக்கணக்கில் போகிற பணம் அங்கே போவதில்லை, பொருளைச் செய்யும்போதே, அது எந்த வடிவத்தில் முடிகிறது என்பதிலேயே போய்விடுகிறது.

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பனையோலையில் பெட்டி, கூடை, விசிறி முடைகிறோம். நானும் ஏழு பெண்களும். முதல் வெளிநாட்டு ஆர்டர் நியூ ஜெர்சியிலிருந்து வந்தது. ஒரே ஒரு கூடை, விலை 1,100 ரூபாய். எடை 600 கிராம், அட்டைப்பெட்டியோடு சேர்த்தாலும் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆயிரம் ஆயிரத்தைந்நூறில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். கூரியர்காரத் தம்பி தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்தார். நீளம் 40, அகலம் 30, உயரம் 30. மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தார். 7.2 கிலோ. அதையும் அரைக்கிலோ கணக்கில் மேலே தூக்கி 7.5. "ஆறாயிரத்து எண்ணூறுக்கா."

கூடைக்குள் என்ன இருந்தது? ஒன்றுமில்லை. காற்று. எங்கள் ஊர்க் காற்றை நியூ ஜெர்சிக்கு அனுப்ப 6,800 ரூபாய்!

அன்றைக்கு ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன், நன்றாகச் சண்டையும் போட்டேன். இப்போது யோசித்தால் அந்தத் தம்பி மேல் தப்பில்லை. விமானத்தில் எடைக்கு எவ்வளவு மதிப்போ இடத்துக்கும் அவ்வளவு மதிப்பு. பஞ்சு மூட்டையை ஏற்றினாலும் இரும்பை ஏற்றினாலும் அடைக்கிற இடத்துக்குக் காசு வாங்கத்தான் செய்வார்கள். இதற்குப் பெயர் வால்யூமெட்ரிக் எடை. உலகம் முழுக்க எக்ஸ்பிரஸ் கூரியர்களில் பெரும்பாலும் இதே 5000 கணக்குதான். உண்மையான எடை, இந்தக் கணக்கு எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குப் பில். நகை செய்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை, கூடை, தொப்பி, பொம்மை செய்கிறவர்களுக்கு உயிர் போகும்.

அப்புறம்தான் அஞ்சலகம் பக்கம் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த அக்கா ஒரு பழைய சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். சிறு பொட்டலம் என்றால் 2 கிலோவுக்குள் இருக்க வேண்டும், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, எந்தப் பக்கமும் 60-க்கு மேல் போகக் கூடாது. உலக அஞ்சல் ஒன்றியம் எல்லா நாட்டுக்கும் பொதுவாக வைத்த வரம்பு இது. கவனியுங்கள், இங்கே பெருக்கல் இல்லை, கூட்டல்தான். என் பெட்டி 40, 30, 30. கூட்டினால் 100. வெறும் 10 சென்டிமீட்டர் அதிகம்.

அந்த 10 சென்டிமீட்டருக்காக நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்களில் மூத்த பெரியம்மா ஒருத்தர் இருக்கிறார், எட்டு வயதில் ஓலையைக் கையில் எடுத்தவர். டேப்பை நீட்டி, "பெரியம்மா, அட்டைப்பெட்டிக்கு அடங்குற மாதிரி கொஞ்சம் சின்னதா முடையணும்" என்றேன். "கைக்கு வருத அளவுதானளா கூடை, உன் டேப்புக்கெல்லாம் ஓலை அடங்காது" என்று சொல்லிவிட்டு அவர்பாட்டுக்கு முடைந்துகொண்டிருந்தார். பேசிப் பிரயோஜனம் இல்லை என்று ஒரு காலி அட்டைப்பெட்டியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்துப் போனால் அந்தப் பெட்டிக்குள் கச்சிதமாக உட்காருகிற மாதிரி ஒரு கூடை இருந்தது. டேப்பைத் தொடவே இல்லை, பெட்டியைக் கண்ணால் பார்த்தே முடைந்திருக்கிறார். கைப்பிடிக்குள் ஈர்க்கு வைத்து விறைப்பாகப் பின்னுவது வழக்கம், அதையும் ஈர்க்கில்லாமல் மடங்குகிற மாதிரி மாற்றியிருந்தார். கைப்பிடி மடங்கியதிலேயே உயரப் பிரச்சினை பாதி தீர்ந்தது. அட்டைப்பெட்டியின் வெளியளவு 34, 30, 26. கூட்டினால் சரியாக 90.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டி முதலில், கூடை பிறகு. புது டிசைன் யார் கொண்டுவந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, இது எந்தப் பெட்டிக்குள் போகும்? அழகு அதற்கப்புறம்தான்.

இன்னொன்று. நம் பாட்டிமார் அடுக்குப் பெட்டி முடைவார்கள், பார்த்திருப்பீர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து, ஏழு என்று உட்காரும். ஐந்து பெட்டி, இடம் ஒரு பெட்டிக்கு. வால்யூமெட்ரிக் கணக்கை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், பரணில் இடம் இல்லை என்று செய்திருப்பார்கள். இப்போது எங்கள் வெளிநாட்டு விற்பனையில் பாதிக்கு மேல் அடுக்குப் பெட்டிதான். அஞ்சல் கட்டணம் எடையைப் பொறுத்துப் படிப்படியாக ஏறும், முதல் படிக்குத்தான் அதிகம், அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் குறைவு. அதனால் ஒற்றைப் பொருளாக அனுப்பாதீர்கள். செட்டாக விற்றுப் பழகுங்கள். கூடைக்குள் காலியாகக் கிடக்கும் இடத்தில் பபிள் ராப்பைத் திணிக்கிறீர்களே, அங்கே நாலு சின்னப் பெட்டியும் இரண்டு விசிறியும் வைத்து அதற்கும் விலை போட்டு விற்கலாமே.

சரி, எதில் அனுப்புவது. 2022-இல் அஞ்சல் துறை டாக் கர் நிர்யாத் கேந்திரா என்று ஏற்றுமதி மையங்களைத் தொடங்கியது. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேலே இருக்கின்றன. அதன் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, வீட்டிலிருந்தே சுங்க அறிக்கையை நிரப்பி, லேபிளை அச்சடித்து ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். பேர்தான் வாயில் நுழையவில்லை, வேலை நல்ல வேலை. இரண்டு கிலோவுக்குள் அடங்குகிற சின்னப் பொருளுக்கு டிராக்டு பேக்கெட் என்று ஒரு சேவை இருக்கிறது, எண்ணை வைத்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அவசரம் என்றால் ஸ்பீடு போஸ்ட் என்கிற இஎம்எஸ். கனமான பொருள், வாங்குகிறவர் பொறுமைசாலி என்றால் ஏர் பார்சல். என் அனுபவத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு அஞ்சலை விடச் சிக்கனமான வழி ஒன்றும் இல்லை. கூரியர் எனக்குத் தேவைப்படுவது, கல்யாணத் தேதி குறித்துக்கொண்டு ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு மட்டும்தான், அப்போது செலவும் அவர்களுடையது.

இதற்கு ஐஇசி எண் வேண்டும், ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவர்களுக்கான பதிவு எண் அது. பயப்பட ஒன்றும் இல்லை, டிஜிஎஃப்டி என்கிற மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத் தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே எடுக்கலாம். எடுத்துத் தருகிறேன் என்று மூவாயிரம் கேட்கிற ஆட்களிடம் போகாதீர்கள். ஆண்டுதோறும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விவரங்களைச் சரிபார்த்து உறுதி செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது, மறந்தால் எண் முடங்கிவிடும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் எல்யூடி என்கிற உறுதிமொழிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வரி கட்டாமலேயே ஏற்றுமதி செய்யலாம், அதையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். சுங்கத்தில் பொருளின் வகையைக் காட்டுகிற ஆறு இலக்க எச்எஸ் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் ஓலைக்கூடைக்கு 460219. "ஹேண்டிகிராஃப்ட் ஐட்டம்" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் ஐரோப்பாவில் பொட்டலம் நின்றுவிடும்.

இப்போது நான் கோபமாகச் சொல்ல வேண்டிய இடம் வருகிறது. ஊருக்கு ஊர் ஒரு ஏஜென்ட் கடை இருக்கிறது, "அமெரிக்கா கிலோ இவ்வளவு" என்று போர்டு போட்டு ஊறுகாய், முறுக்கு, பட்டுப்புடவை எல்லாம் சேர்த்து அனுப்புகிற கடை. பையனுக்கு முறுக்கு அனுப்ப அது சரி. வியாபாரத்துக்குச் சரியில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 14,000 ரூபாய்ப் பொருளை அப்படி ஒரு கடையில் கொடுத்தேன். "கிஃப்ட்னு போட்டுடறேன் மேடம், 15 டாலர், வரி வராது" என்றார். நானும் தலையாட்டினேன், தப்பு என்னுடையதும்தான். பொட்டலம் காணாமல் போனது. இழப்பீடு கேட்டால், காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதற்குத்தானே தர முடியும் என்கிறார்கள். காகிதத்தில் 15 டாலர். அனுப்பியது என் பெயரில்கூட இல்லை, அதனால் ஏற்றுமதி செய்தேன் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வாடிக்கையாளருக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன், ஏழு பெண்களுக்கும் கூலியைக் கையிலிருந்து கொடுத்தேன். கிலோவுக்கு 150 ரூபாய் மிச்சம் பார்த்த லட்சணம் இது.

அமெரிக்காவுக்குச் சின்னப் பொட்டலம் வரியில்லாமல் போன காலமும் முடிந்துவிட்டது. முன்பு 800 டாலருக்குள் இருந்தால் வரியே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது, நம் மாதிரிச் சின்ன ஆட்கள் பிழைத்ததே அதில்தான். 2025 ஆகஸ்ட் 29-இலிருந்து அந்தச் சலுகையை எல்லா நாட்டுக்கும் எடுத்துவிட்டார்கள். அதே வாரத்தில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரியும் வந்தது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்று தெளிவில்லாததால் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25-இலிருந்தே அமெரிக்கப் பொட்டலங்களை நிறுத்தியது. கடிதங்களும் 100 டாலருக்குள்ளான பரிசும் போகலாம் என்று முதலில் சொன்னார்கள், பிறகு அதுவும் நின்றது. மறுபடி தொடங்கியது அக்டோபர் 15-இல்.

எங்களுக்கு அது எந்தக் காலம் தெரியுமா? நவராத்திரி. அங்கே கொலு வைக்கிற வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுக்க ஓலைப்பெட்டிதான் இப்போது மவுசு. ஜூலையிலேயே ஆர்டர் எடுத்து, குருத்தோலை வாங்கி, சாயம் காய்ச்சி, 340 பெட்டி முடைந்து அடுக்கி வைத்திருந்தோம். ஒன்றுகூடப் போகவில்லை. பாதியை சென்னையிலும் கோவையிலும் அசலுக்குத் தள்ளினோம். மீதியை மெல்பர்னில் இருக்கிற ஒரு அக்கா தன் தோழிகள் பதினோரு பேரிடம் கேட்டு ஒரே பார்சலாக வாங்கிக்கொண்டார், அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

திரும்பத் தொடங்கியபோது ஒரு நல்ல மாற்றமும் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். இறக்குமதி வரியை அனுப்புகிற நாமே இங்கே அஞ்சலகத்தில் முன்கூட்டியே கட்டிவிடலாம். வாங்குகிறவர் வீட்டு வாசலில் அதிர்ச்சி இல்லை. வரி விகிதம் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் நான் இங்கே எண் போடவில்லை, ஆர்டர் எடுக்கிற அன்றைக்கு விசாரித்து பில்லில் அதைத் தனியாகக் காட்டுங்கள். "ஃப்ரீ ஷிப்பிங்" என்று பொருள் விலைக்குள் அமுக்கி வைக்காதீர்கள். வரி ஏறினால் உங்கள் கூலியிலிருந்து போகும், பொருள் விலை கூடத் தெரிவதால் வரியும் கூடும்.

மற்ற நாடுகள் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் 135 பவுண்டுக்குள், ஐரோப்பாவில் 150 யூரோவுக்குள் விற்கும்போதே வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரியை வசூலிக்கிற ஏற்பாடு இருக்கிறது. எட்ஸி மாதிரி ஆன்லைன் விற்பனைத் தளத்தில் விற்றால் தளமே பார்த்துக்கொள்ளும், வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்றால் நம் தலையில். அதனால் அந்த இரண்டு இடத்துக்கும் நான் தளம் வழியாக மட்டும்தான் விற்கிறேன், கமிஷன் போனால் போகட்டும். ஆஸ்திரேலியாவில் அந்த நாட்டு விற்பனை ஆண்டுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலருக்குக் கீழே இருந்தால் அங்கத்திய ஜிஎஸ்டிக்கு நாம் பதிவு செய்ய வேண்டியதில்லை, 1,000 ஆஸ்திரேலிய டாலருக்குள் இருக்கிற பார்சலுக்குச் சுங்க வரியும் இல்லை. ஆனால் அங்கே வேறு கெடுபிடி. ஓலை, புல், மரம் எல்லாவற்றையும் பூச்சி இருக்கிறதா, விதை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு முறை பெட்டி மூடியில் அழகுக்குக் குன்றிமணி கோத்துத் தொங்கவிட்டிருந்தோம், அனுப்புகிற அன்று காலையில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது, அந்த விதையை அங்கே உள்ளே விடவே மாட்டார்கள் என்று. உட்கார்ந்து அத்தனை மூடியிலும் அறுத்து எடுத்தோம். இப்போது மண் உருண்டைதான் கோக்கிறோம். ஐப்பசி கார்த்திகையில் ஓலை ஈரம் இழுக்கும், நன்றாக வெயில் காட்டாமல் பொட்டலம் கட்டினால் போய்ச் சேரும்போது பூஞ்சையோடு போகும். அந்த இரண்டு மாதம் நான் பெரிய ஆர்டரே எடுப்பதில்லை.

அந்த மெல்பர்ன் அக்கா தற்செயலாகச் செய்ததை இப்போது வழக்கமாகவே வைத்திருக்கிறேன். ஒரு ஊரில் நாலைந்து பேர் கேட்டால், யாராவது ஒருத்தர் வீட்டுக்கு மொத்தமாக அனுப்பிவிடுகிறேன், அவர்கள் அங்கேயே பிரித்துக்கொள்கிறார்கள். ஒருத்தருக்கு வருகிற அஞ்சல் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வாங்கி வைக்கிறவருக்கு ஒரு செட் அடுக்குப் பெட்டி என் அன்பளிப்பு.

பெரியம்மா இப்போது மூடியைத் தனியாகத் தட்டையாக மடித்து வைக்கிற பெட்டி ஒன்றை முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறார். இரண்டு முறை முனை கிழிந்துவிட்டது, ஓலையை இன்னும் கொஞ்சம் ஊற வைக்க வேண்டுமாம். கோரைப்பாய், மூங்கில், வாழைநார் என்று மடக்கி அனுப்புகிற பொருள் செய்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பெட்டியின் மூன்று பக்க அளவையும் எடையையும் கீழே எழுதுங்கள். கூரியர் பெயர் வேண்டாம், அளவு போதும்.