“நல்லாத்தான் தூங்குறேன் பாப்பா”

போன மாதம் அம்மாவை முதுகுவலிக்காகப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். நாள்பட்ட வலி பற்றி ஓர் ஆய்வு நடக்கிறது என்று சொல்லி ஒரு பெண் படிவத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “தூக்கம் எப்படிம்மா?” என்று கேட்டார். “நல்லாத்தான் தூங்குறேன் பாப்பா” என்றார் அம்மா. ஒரு டிக் விழுந்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா முப்பது வருடமாக மீன் விற்கிறார். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடிவதற்கு முன்னால் ஏலம் எடுத்தால்தான் கூடை நிறையும். ராத்திரி ஒன்பதுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்துவிடுவார். அந்த ஆறு மணி நேரத்திலும் நாலைந்து தடவை எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தைலம் தேய்ப்பார். அந்த வாசனையில் எனக்கே முழிப்பு வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. “தூக்கம் வரலன்னா மனசுல ஏதோ கவலைன்னுதானடா அர்த்தம். எனக்கு என்ன கவலை? படுத்தா உடனே தூங்கிடுறேன். இடுப்புதான் எழுப்பிவிடுது” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. நம் ஊர்ப் பேச்சில் தூக்கம் வராதது கடன்காரனுக்கும் மகளைக் கட்டிக்கொடுக்க வேண்டியவனுக்கும் உள்ள தொல்லை. வலி எழுப்பிவிட்டால் அது வலியின் கணக்கில்தான் சேரும்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்த ஆய்வுகளைப் படிப்பது என் தொழிலில் ஒரு பங்கு. நாள்பட்ட வலி என்றால் என்ன என்பதில் பெரிய சண்டை இல்லை: மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி, அல்லது விட்டுவிட்டுத் திரும்ப வரும் வலி. ஆனால் அதே கட்டுரைகளில் ‘தூக்கப் பிரச்சினை’ என்று எழுதும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். ஒருவர் ஒற்றைக் கேள்வி கேட்டுவிட்டு எழுதுகிறார், இன்னொருவர் கையில் கருவி கட்டிவிட்டு எழுதுகிறார். முடிவுகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறோம்.

அம்மாவை வைத்தே பார்க்கலாம். 1989இல் வந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு என்ற கேள்வித்தாள் இன்றும் வலி ஆய்வுகளில் நிறையப் பயன்படுகிறது. ஏழு பகுதிகள், மொத்தம் 21 மார்க். 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று அர்த்தம். அம்மா ஆறு மணி நேரம் படுத்து, நாலு மணி நேரம் தூங்குகிறார் என்று வையுங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே தூங்குவதற்கு 3 மார்க். படுத்த நேரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் தூங்கியதற்கு 2 மார்க். வலியைப் பற்றிய கேள்வி வருவதற்கு முன்பே ஐந்து ஆகிவிட்டது. இதில் எத்தனை மார்க் இடுப்புக்கு, எத்தனை மார்க் மீன் ஏலத்துக்கு? அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, தூக்கமின்மை நோய் என்ற வரையறைக்குப் போவோம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேட்டின்படி வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாவது தொல்லை இருக்க வேண்டும். தூங்குவதற்கு வாய்ப்பிருந்தும் தூங்க முடியாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தூக்கம் சரியில்லை என்று அவரே குறைப்பட வேண்டும். அம்மா அந்தக் கடைசி இடத்திலேயே வெளியே வந்துவிடுவார். கையில் கட்டும் அசைவுமானியைக் கட்டினாலோ இன்னும் மோசம். அசைந்தால் வலிக்கும் என்று அம்மா கட்டை மாதிரி கிடப்பார். அந்தக் கருவி அசையாமல் கிடப்பதையெல்லாம் தூக்கம் என்று எண்ணிக்கொள்ளும்.

ஒரே பெண், ஒரே இரவு. ஒரு கட்டுரையில் நோயாளி, இன்னொன்றில் நலமானவர்.

அந்தக் கையேட்டில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. முன்பு வலியால் வரும் தூக்கமின்மையை வேறொரு நோயின் பக்க விளைவு என்று தனியே ஒதுக்கியிருந்தார்கள். வலி போனால் அதுவும் போய்விடும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 2013இல் அந்தப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன். அதே ஆண்டு வெளிவந்த ஒரு மறுஆய்வுக் கட்டுரை, வலி தூக்கத்தைக் கெடுப்பதைவிடத் தூக்கக்கேடு பின்னால் வரும் வலியை இன்னும் உறுதியாக முன்கூட்டிச் சொல்கிறது என்று காட்டியது. அப்படியானால் இரவைக் கவனிக்காமல் பகலில் முதுகுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது பாதி வைத்தியம். மருந்தில்லாத நடத்தை சிகிச்சை தூக்கமின்மைக்கு உண்டு, வலியோடு இருப்பவர்களுக்கும் அது உதவுகிறது. ஆனால் ‘பிரச்சினை இல்லை’ என்று டிக் விழுந்தவரிடம் அதை யார் கொண்டுபோவார்கள்?

பண்ருட்டிப் பக்கமிருந்து முந்திரி உடைக்கும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். நாளெல்லாம் குந்தியிருக்கும் வேலை. தூக்கம் எப்படி என்று நான் இப்போது கேட்பதே இல்லை. புரண்டு படுக்கும்போது முழிப்பு வருகிறதா, வந்தால் எழுந்து உட்காருகிறீர்களா, திரும்பப் படுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, காலையில் எழுந்தால் உடம்பு தூங்கின உடம்பு மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறேன். ‘நல்லா தூங்குறேன்’ என்று ஆரம்பித்தவர்களே அப்புறம் பத்து நிமிடம் பேசுகிறார்கள்.

ஆய்வு செய்கிற தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். எதைத் தூக்கப் பிரச்சினை என்று எண்ணினீர்கள் என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். வேலைக்காக எழுந்ததையும் வலியால் எழுந்ததையும் தனித்தனியாகக் கேளுங்கள். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் நான் சொன்னபோது, “வலியால் விழிக்கிறார்” என்று படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.