பழைய கதை வேண்டாமாம்

தென்பெண்ணை வாய்க்கால் திட்டக் கூட்டத்தின் அந்தக் காணொளியை இந்நேரம் பாதி மாவட்டம் பார்த்திருக்கும். காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெரியவர் எழுந்து கேட்டதையும், மேடையில் இருந்தவர் “பழைய கதை வேண்டாம் பெரியவரே, திட்டத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள்” என்று சொன்னதையும், பின்வரிசையில் எழுந்த சிரிப்பையும் நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. காணொளியில் வராத ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு அடங்கியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “தப்பாக என்ன கேட்டுவிட்டேன் தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. தென்பெண்ணையிலிருந்து ஏரிகளுக்கு வாய்க்கால் வெட்டப் போகிறார்கள். அதற்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று திரையில் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு 2018இல் தொடங்குகிறது. “அதற்கு முன்னால் ஆறு காய்ந்த வருடங்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?” என்றார் பெரியவர். இதுதான் பழைய கதை.

2018இல் ஏன் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. இங்கே மாந்தோப்புகளுக்கு டேங்கர் லாரியில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். பணம் இருந்தவனின் மரம் பிழைத்தது. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு கணக்கைத் தொடங்கினால் சராசரி அழகாகத்தான் வரும். நல்ல வருடத்து விளைச்சலை மட்டும் சொல்லிப் பெண் கேட்டு வரும் மாப்பிள்ளை வீட்டாரைப் போல இருக்கிறது இது. கல்யாணத்துக்குப் பிறகு யார் பட்டினி கிடப்பது?

ஆற்றை நம்பித் திட்டம் போடுகிறவன், ஆறு கைவிட்ட வருடங்களைத்தான் முதலில் படிக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

“இப்போது கோடையிலும் ஆறு ஓடுகிறதே” என்று மேடையில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். ஓடுகிறது. ஆனால் எந்தத் தண்ணீர்? தென்பெண்ணை நந்திமலைப் பக்கம் பிறக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கோடையில் ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்கு நுரை தள்ளிக்கொண்டு வருவது நந்திமலைத் தண்ணீர் அல்ல. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் பெங்களூரின் கழிவுநீர். அதில் பெரும்பங்கு காவிரியிலிருந்து பெங்களூருக்கு ஏற்றிய தண்ணீர். குழாயில் போய்ச் சாக்கடையில் இறங்கி நம்மிடம் வருகிறது. 2024 அக்டோபரில் அங்கே ஐந்தாம் கட்டக் காவிரித் திட்டத்தைத் திறந்து, நாளொன்றுக்கு இன்னும் 77.5 கோடி லிட்டர் கொண்டுபோகிறார்கள். அதே பெங்களூர், 2018 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கும் அனுப்பி வருகிறது. நாளைக்கு மிச்சத்தையும் அவர்களே சுத்திகரித்து எடுத்துக்கொண்டால் நம் வாய்க்காலில் என்ன ஓடும்? பக்கத்து வீட்டுச் சாக்கடையை நம் ஆற்றின் வருமானமாக எழுதி வைத்திருக்கிறோம். மழை மட்டுமே ஆற்றுக்குக் கதியாக இருந்த காலத்தில் அது எத்தனை மாதம் வறண்டு கிடந்தது என்று கேட்டால், பழைய கதையாம்.

என் அப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பால் கணக்கு எழுதும் நீள நோட்டில் கிணற்றுக் கணக்கும் எழுதுவார். எங்கள் கிணற்றில் கல் பதித்த படிகள் உண்டு. தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். 1983 சித்திரையில் ஒரு பக்கம்: “படி 31. மோட்டார் இறக்கியது. கிடாரிக்கன்று விற்றது.” அதற்குக் கீழே, என்ன கோபமோ, பேனாவை அழுத்தி ஒரு கோடு. கால்வாயில் முதல் தண்ணீர் வந்த தேதி, கடைசித் தண்ணீர் நின்ற தேதி எல்லாம் இருக்கிறது. 2017 மாசியில் “படி” என்று எழுதி எண் போடவில்லை. அடிப்பாறை தெரிந்த பிறகு எதை எண்ணுவது?

அந்த நோட்டைப் படம் எடுத்து இணையத்தில் போட்டதற்கு ஒரு நண்பர் “பஞ்சாங்கம்” என்று கேலியாக எழுதினார். முப்பத்தாறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அதில் என் சித்தப்பா மகனும் ஒருவன். பரவாயில்லை. நோட்டு அறிவியல் ஆகாது, கருவி வைத்து அளந்தால்தான் அறிவியல் என்கிறீர்கள். சரி, கருவி வைத்து அளந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் கொலராடோ என்று ஓர் ஆறு. 1922இல் ஏழு மாநிலங்கள் உட்கார்ந்து அதன் தண்ணீரைப் பங்கு போட்டன. கையில் இருந்ததெல்லாம் முந்தைய சில பத்தாண்டுகளின் அளவீடு. அவை நல்ல மழைக்காலம் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மேல்பாதிக்கு 7.5 மில்லியன் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்பாதிக்கு 7.5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பிற்பாடு மெக்சிகோவுக்கும் ஒரு பங்கு. 1976இல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய மரங்களின் வளையங்களை எண்ணினார்கள். மழை குறைந்த வருடத்தில் வளையம் ஒல்லியாக இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் பார்த்தபோது, ஆற்றின் உண்மையான சராசரி ஏறத்தாழ 13.5 மில்லியன்தான் என்று தெரிந்தது. பங்கு போட்டது இல்லாத தண்ணீரை! இன்னும் அந்த வழக்கும் சண்டையும் தீரவில்லை. அவர்களிடமும் அன்று ஒருவர் எழுந்து “அதற்கு முன்னால்?” என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்களோ என்னவோ.

செக் நாட்டில் எல்ப ஆற்றங்கரையில், தெச்சின் என்ற ஊரில் ஒரு கல் இருக்கிறது. ஆறு வற்றினால்தான் வெளியே தெரியும். வற்றிய வருடங்களை அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1616 அதில் ஒன்று. “என்னைப் பார்த்தால் அழு” என்றும் பொறித்திருக்கிறது. நம் தர்மபுரி நடுகல்லுக்குப் பேர்போன மண். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கெல்லாம் கல் நட்டு ஊர், பெயர் எழுதியிருக்கிறோம். ஆறு செத்த வருடத்துக்கு ஒரு கல் கிடையாது. நாகமரைப் பரிசல் துறையில் நின்று பாருங்கள். மேட்டூர் அணை நீர் இறங்கும்போது எதிர்க்கரைப் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் மேலே வரும். அது நமக்குக் கிடைத்த கல். நாம் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, மீன் வறுவல் தின்றுவிட்டு வருகிறோம்.

“பருவநிலையே மாறிவிட்டது, பழைய கணக்கு இனி எதற்கு?” என்று ஒரு பொறியாளர் தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். வெயில் கூடினால் ஆவியாவது கூடும், மழை பெய்யும் விதமும் மாறும். ஊத்தங்கரையில் 2024 டிசம்பர் 2 காலை முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் கொட்டியதே! ஆனால் தம்பி, இந்த மண் ஒருமுறை தாங்கிய வறட்சி மறுபடி வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. அது குறைந்தபட்சம். அதைத் தாங்காத திட்டம், அதைவிட மோசமானதை எப்படித் தாங்கும்? தாது வருஷப் பஞ்சம் நடந்தது 1876–78. அப்போது நாம் சேலம் மாவட்டம். பாட்டி வாயில் அந்த வருஷத்தின் பெயர் திட்டாகவே வரும்.

“கர்நாடகா தண்ணீர் விட்டால் எல்லாம் சரியாகும்” என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. காவிரியில் ஒரு வருடத்தில் வரும் மொத்தத் தண்ணீரைக் காவிரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது 50 சதவீத நம்பகத்தன்மையில். அதாவது பாதி வருடங்களில் அதைவிடக் குறைவாகத்தான் வரும் என்று தெரிந்தே போட்ட கணக்கு. சண்டை எப்போதும் குறைந்த வருடத்தில்தான் வருகிறது. குறைந்த வருடத்தின் கணக்கு கையில் இல்லாதவன் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவான்?

தென்பெண்ணையில் இருக்கும் கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை, காமராசர் காலத்தது. தினமும் மட்டம், வரத்து, வெளியேற்றம் குறிக்கிறார்கள். அந்தப் பதிவேடுகளை முதல் பக்கத்திலிருந்து திறந்து, காய்ந்த வருடங்களை வரிசையாக எழுதி, அந்த வருடங்களில் இந்த வாய்க்கால் எத்தனை நாள் ஓடியிருக்கும் என்று போட்டுக் காட்டச் சொல்கிறோம். ஒரு மாத வேலை. ஓடாது என்று தெரிந்தால் வாய்க்காலைச் சிறிதாக்கலாம், ஏரியைத் தூர்வாரலாம், எந்த ஏரிக்கு முதலில் என்று முடிவு செய்யலாம். அதே 2017 நவம்பரில் அந்த அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வீணாக ஆற்றில் போனது. மாசியில் குடத்துக்கு அடித்துக்கொண்டவர்கள் கார்த்திகையில் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதையும் கணக்கில் எழுதுவார்களா, இதுவும் கதைதானா?

திட்டத்துக்கு எதிரானவன், பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்றும் எழுதிவிட்டார்கள். என் பின்னால் ஐந்து ஏக்கர் பெங்களூரா ரக மாந்தோப்பும் கூட்டுறவு வங்கிக் கடனும்தான் இருக்கின்றன. வாய்க்கால் வந்தால் முதலில் நனைவது என் நிலம். எனக்கு வாய்க்கால் வேண்டும். தண்ணீர் வரும் வாய்க்கால் வேண்டும். பெரியவருக்கும் அதுதான் வேண்டும், அதற்காகத்தான் பஸ் பிடித்து வந்தார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர் ஆற்றில் ஊற்று தோண்டித் தண்ணீர் மொண்டிருப்பார்கள்?

அடுத்த கூட்டத்துக்கு அவரை நானே வண்டியில் அழைத்துப் போகிறேன். நோட்டும் வரும். இந்தப் பதிவுக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போடுகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். கூடவே உங்கள் ஊர்ப் பெயரையும், உங்கள் வீட்டுக் கிணறோ போர்வெல்லோ கடைசியாக எந்த வருடம் வற்றியது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். மேடையில் இருந்தவர்கள் செய்யாத வேலையை நீங்களாவது செய்தது போல இருக்கும்.