ஜெராக்ஸ் கடை அக்கா எதையும் விற்க மாட்டார்

போன மாதம் ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். என் படக்கதையில் வரும் ஜெராக்ஸ் கடை அக்கா, நான்கு கட்டங்களில் ஏதாவது ஒன்றில், அவர்களுடைய செயலியைப் பற்றி ஒரு வரி நல்லதாகச் சொன்னால் போதுமாம். சொன்ன தொகை என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே கேள்வி: "வருகிற லட்சுமியை வாசலோடு திருப்பி அனுப்புவார்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: 2019 முதல் 'முன்னும் பின்னும்' என்ற நகைச்சுவைப் படக்கதையை இணையத்தில் வரைந்து வருகிறேன். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்தும் அக்கா, வாசலில் மேசை போட்டு மனு எழுதிக்கொடுக்கும் பெரியவர், ஒரிஜினலைக் கண்ணாடி மேலேயே மறந்துவிட்டுப் போகும் ஜனங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான்கு கட்டங்கள். பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது.

ஒரு கதை எப்படி உருவானது என்று சொன்னால்தான் என் பதில் விளங்கும். நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்காக அலைவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு தாத்தா தன் ஆதார் நகலை அக்காவிடம் நீட்டுகிறார். நகலுக்கு நகல் எடுத்து, அதற்கும் நகல் எடுத்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பியிருக்கிறது. இரண்டாம் கட்டத்தில் அக்கா கேட்கிறார்: "இதில் இருப்பது யார் தாத்தா?" "நான்தான் அம்மா." மூன்றாம் கட்டத்தில் பேச்சே இல்லை. அக்கா தாளைப் பார்க்கிறார், தாத்தாவைப் பார்க்கிறார். நான்காவதில் சொல்கிறார்: "ஒரிஜினல் நன்றாகத்தான் இருக்கிறது தாத்தா. அதையே கொண்டுபோய்க் காட்டுங்கள்."

இந்த நான்கு கட்டத்துக்கு மூன்று வாரம் ஆனது. முதலில் எழுதியிருந்த கடைசி வரி, "ஒரிஜினலே நீங்கள்தானே, நேரில் போய் அதிகாரி முன்னால் நின்றால் தெரிந்துவிடுமே" என்று நீண்டுகொண்டே போனது. விளக்கம் இருந்தது, சிரிப்பு இல்லை. அடுத்த வாரம் மூன்றாம் கட்டத்தோடு மல்லுக்கட்டினேன். அக்காவின் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வரைந்திருந்தேன். அது இருந்தவரை அக்கா தாத்தாவைக் கேலி செய்வது போலவே பட்டது. உதட்டை நேர்கோடாக்கி, கருவிழிகளை மட்டும் இம்மி நகர்த்தினேன். தாத்தா பக்கமிருந்த சிரிப்பு தாளின் பக்கம் போய்விட்டது. உயிரோடு நிற்கும் மனிதரை விட்டுவிட்டுத் தாளை நம்பும் வழக்கத்தைப் பார்த்துத்தான் வாசகர் சிரிக்க வேண்டும், வரிசையில் நிற்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

அந்த மூன்று வாரமும் இடையில் வேறு கதைகளைப் போட்டுச் சமாளித்தேன். யாரும் என்னைக் கணக்குக் கேட்கவில்லை. காசு கொடுத்தவர் ஒருவர் இருந்தால் முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார். நீளமான வரியோடு அது வெளியே போயிருக்கும். என் அலமாரியில் முழுதாக வரைந்து முடித்தும் வெளியிடாத கதைகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. சிரிப்பு வரவில்லை அல்லது யாரோ ஓர் எளியவர்மேல் விழுகிறது என்று தோன்றினால் எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். இந்த உரிமைக்கு அந்த அரைமாதச் சம்பளம் ஈடாகாது.

படக்கதையை வைத்தே வாழ்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவின் ரேண்டல் மன்றோ தன் நோட்டுப் புத்தகங்களில் கிறுக்கியிருந்த படங்களை ஸ்கேன் செய்து போடப்போய்த்தான் 2005இல் 'எக்ஸ்கேசிடி' என்ற இணையப் படக்கதை தொடங்கியது. குச்சி மனிதர்கள்தான், ஆனால் திங்கள், புதன், வெள்ளி என்று நாள் வைத்துக்கொண்டு வருகிறது. பின்னால் அதுவே அவருக்குத் தொழிலானது. அப்போதும், தன் பெயரைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமில்லாமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்றே உரிமம் கொடுத்திருக்கிறார். கனடாவின் ரயன் நார்த் 2003 முதல் அதே ஆறு கட்டங்கள், அதே டைனோசர் படங்களை வைத்துக்கொண்டு பேச்சை மட்டும் மாற்றி மாற்றி எழுதுகிறார். "எனக்கு நன்றாக வரைய வராதே" என்று தயங்குபவர்களுக்கு இந்த இருவரையும்தான் காட்டுவேன். வசனத்தில் உயிர் இருந்தால் கோடு பின்னாலேயே வந்துவிடும்.

நமக்கும் இது புதிதில்லை. பாரதியார் ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழிலேயே கேலிச் சித்திரங்கள் வந்தன. விகடனில் மதனின் ரெட்டைவால் ரங்குடுவைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். வாராவாரம் அதே ஆள் வருவான், அவன் குணம் நமக்குத் தெரியும், அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே நமக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்தப் பழக்கம் ஏற்பட நாள் தவறாமை வேண்டும். பொழுதுபோக்குதானே என்று தோன்றியபோது வரைந்தால் அக்கா யார் என்றே வாசகருக்கு மறந்துபோகும். அதனால்தான் காய்ச்சலில் கிடந்தாலும் ஞாயிறு எட்டு மணியை விடுவதில்லை; அதற்காகவே மூன்று கதைகளைக் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

தமிழில் செய்வதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. நம் சொற்கள் நீளம். 'கொண்டுவரவில்லையென்றால்' என்று ஒரு சொல் போட்டாலே பேச்சுக் குமிழின் அகலம் தீர்ந்துவிடும். நடுவில் உடைத்தால் படிப்பவர் தடுக்கி விழுகிறார். எழுத்தைச் சிறிதாக்கினால் கைப்பேசியில் தெரிவதில்லை. ஆகவே குமிழை முதலில் வரைவதை விட்டுவிட்டேன். வசனத்தை எழுதி, எந்த இடத்தில் மூச்சு விழுகிறதோ அங்கே வரியை மடக்கி, கடைசியில்தான் அதைச் சுற்றிக் கோடு போடுகிறேன். சில ஓவிய மென்பொருள்களில் தமிழைத் தட்டினால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். முதல் வருடம் முழுக்க 'பெரியவர்' சரியாக வரவே இல்லை. கையாலேயே எழுத ஆரம்பித்தேன், இன்றும் அப்படித்தான். பார்வையற்ற வாசகர் ஒருவர் கேட்டுக்கொண்ட பிறகு, படத்தின் கீழே காட்சியையும் வசனத்தையும் தட்டச்சு செய்து போடுகிறேன். அவருடைய கைப்பேசி அதை அவருக்குப் படித்துக் காட்டுகிறது. இதை முதல் நாளிலிருந்தே செய்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஒரே ஒரு மனக்குறை. தாத்தா கதையை ஒரு சமூக ஊடகப் பக்கம் எடுத்துப் போட்டது. மூலையில் இருந்த என் கையெழுத்தை வெட்டிவிட்டு, அதே இடத்தில் தங்கள் முத்திரையைப் பதித்திருந்தார்கள். காசு கேட்காதவனிடம் பெயரையும் எடுத்துக்கொள்வது எந்த நியாயம்? எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. பகிருங்கள், தாராளமாகப் பகிருங்கள், மூலையை மட்டும் வெட்டாதீர்கள்.

இதே கதையைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தார்: அவருடைய அப்பா அதை அச்செடுத்து ஓய்வூதியப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறாராம். அச்செடுத்தது ஒரு ஜெராக்ஸ் கடையில். கடைக்காரம்மா படித்துவிட்டுத் தனக்கும் ஒரு நகல் எடுத்துக் கண்ணாடித் தடுப்பில் ஒட்டிக்கொண்டாராம். அந்தக் கடையில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு செயலியின் விளம்பரமும் சேர்ந்து தொங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உங்களில் யாரிடமாவது நோட்டின் ஓரத்தில் இப்படிக் கட்டம் போட்டு வரைந்தவை கிடந்தால் வெளியே எடுங்கள். கொம்பு இடம் மாறும் தொல்லை உங்களுக்கும் வந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். கையெழுத்தை ஸ்கேன் செய்து குமிழுக்குள் வைக்கும் முறையைப் படத்தோடு அனுப்புகிறேன்.