செருப்பை ஒளித்து வைத்த பையன்

பென்னாகரம் வட்டாரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். வானம் பார்த்த பூமி என்பதால், ராகியும் நிலக்கடலையும் கைவிட்ட ஆண்டுகளில் பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதும், பிள்ளைகள் பாட்டியிடம் வளர்வதும் இங்கே வழக்கம்.

ஆடிப்பெருக்குக்கு வந்த அம்மா மறுபடி கிளம்பிய விடியற்காலையில், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அவளுடைய செருப்பை வைக்கோல் போரில் ஒளித்து வைத்துவிட்டு, அப்பாவிடம் அடி வாங்கினான். "சேட்டை தாங்கல சார், நீங்களும் ரெண்டு போடுங்க" என்றார் பாட்டி. தனியாக அழைத்துக் கேட்டபோது அவன் சொன்னது: "செருப்பு இல்லன்னா அம்மா போவாதுல்ல சார்."

இரண்டு நாள் அழுதால் சரியாகிவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, சிறு வயதில் பட்ட துன்பங்களின் வகை கூடக்கூட, பிற்காலத்தில் இதயநோய், மனச்சோர்வு, குடிப்பழக்கம் ஆகியவையும் கூடியதைக் காட்டியது. ஆனால், ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த உளவியலாளர் எம்மி வெர்னர், வறுமையும் குடும்பச் சச்சரவும் சூழ வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாகத் தலையெடுத்ததைக் கண்டார். அத்தகையோருக்குப் பாட்டியோ, அண்டை வீட்டாரோ, ஆசிரியரோ, மாறாத அன்பு காட்டிய பெரியவர் ஒருவராவது இருந்தார். எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். ஏனெனில் அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்.

பிழைக்கப் போவதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளை தூங்கும்போது சொல்லாமல் கிளம்புவதைத்தான் தவறு என்கிறேன். எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தினமும் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். வயசுப் பெண்ணை ஆளில்லாத வீட்டில் வைத்திருக்க முடியாது என்று பதினெட்டு நிறைவதற்குள் கல்யாணம் பேசும் வீடுகள் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்னும் இருக்கின்றன. அது 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்தார் மனம்விட்டுப் பேசித் தடுக்கலாம். கேட்கவில்லையென்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைக்கலாம்.

அந்தப் பாட்டியிடம் பலமுறை பேசினேன். இப்போது அவர் வீட்டு நாள்காட்டியில் தீபாவளித் தாளின் ஓரம் மடிக்கப்பட்டிருக்கிறது. காலையில் எழுந்ததும் அன்றைய தாளைக் கிழிப்பது பையனின் வேலை. இன்னும் எத்தனை தாள் என்று இருவரும் சேர்ந்து எண்ணுகிறார்கள்.